ஸ்பேர் டியூபுக்கே பஞ்சர்

கேரளப் பக்கம் ஆரியங்காவு தாண்டி நின்றுபோன ரோடு பைக், அதாவது மெல்லிய டயர் சைக்கிள் ஒன்று, வேனில் ஏறிக் கடைக்கு வந்தது. இந்தச் சாரல் சீசனில் இது நான்காவது. பின் டயரில் குத்தியிருந்தது லாரி டயரிலிருந்து உதிர்ந்த கம்பித் துண்டு, அரை அங்குலம்கூட இல்லை. ரோட்டோரத்தில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. சீட்டுக்கு அடியில் ஒன்றரை லிட்டர் பை தொங்குகிறது. உள்ளே டியூப், டயரைக் கழற்ற லிவர், காற்றடிக்க ஒரு சின்ன கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டர், பல சாவிகள் மடங்கிய மல்டி டூல், பூட்டுச் சங்கிலி, சன்ஸ்கிரீன், கடலை மிட்டாய். இத்தனை இருந்தும் வேன்தான். ஸ்பேர் டியூபை மாட்டி, இருந்த ஒரே சிலிண்டரையும் அடித்துவிட்ட பிறகுதான் அந்த டியூபிலும் ஓட்டை என்று தெரிந்திருக்கிறது.

அந்த ஓட்டையைப் போட்டது முள்ளும் இல்லை, கம்பியும் இல்லை. பைக்குள் மல்டி டூலின் முனை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உரசிப் போட்டது.

பை வாங்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "அண்ணாச்சி, எத்தனை லிட்டர் வாங்கலாம்?" என்றுதான். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியா வாங்குகிறீர்கள்? உள்ளே என்ன போகப் போகிறது என்று தெரியாமல் லிட்டர் பேசிப் பயனில்லை. "பெரிசா இருந்தா நல்லதுதானே, பின்னால உதவும்" என்பதுதான் இதில் இருக்கிற ஆகப்பெரிய தப்பு நினைப்பு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சீட் பையில் சாமான்கள் அசையக் கூடாது. பாதி காலியான பெரிய பை என்றால், மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே இருப்பது இடமும் வலமும் ஆடும். புளியரை ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து மிதித்தால் இன்னும் மோசம். டூல் டியூபை அறுக்கும், லிவரின் விளிம்பு பேட்ச் டப்பாவை உடைக்கும், சிலிண்டரின் கழுத்து டியூபின் மடிப்பில் உரசும். பை வெளியேயும் ஆடும். ஆட ஆட வெல்க்ரோ தளரும். தளர்ந்த பை பின்பக்கம் சாய்ந்து டயரைத் தொடும். தொட்டபடியே முப்பது கிலோமீட்டர் போனால் பையின் அடித்துணி தேய்ந்து கிழியும், உள்ளே இருப்பது ஒவ்வொன்றாக ரோட்டில் விழும். பட்டையே கழன்று பை டயருக்கும் பிரேக்குக்கும் நடுவில் மாட்டினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். எல்லையில் இருக்கிற கோட்டைவாசலிலிருந்து நம் பக்கம் இறங்கும்போது, எதிரே சரக்கு லாரி ஏறி வருகிற வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இடம் இருந்தால் மனுஷன் நிரப்புவான் என்பது இன்னொரு தொல்லை. பூட்டுச் சங்கிலிக்கு அங்கே என்ன வேலை? சன்ஸ்கிரீன் மூடி திறந்து ஊறிப்போன பைகளைக் கழுவியே கை வெளுத்துவிட்டது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் சாமான், பிறகு பை. உங்கள் சைக்கிளுக்குத் தேவையானதை எல்லாம் ஒரு துணியில் சுருட்டிக் கட்டி, அந்தப் பொட்டலத்தோடு கடைக்கு வாருங்கள். பொட்டலம் சிரமப்படாமல் உள்ளே போக வேண்டும், ஜிப் மூடிய பிறகு குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. அதுதான் உங்கள் அளவு. ஒரு டியூப், இரண்டு லிவர், மல்டி டூல், பேட்ச், ஒரு சிலிண்டர் என்றால் பெரும்பாலும் அரை லிட்டரை ஒட்டி முடிந்துவிடும். இரண்டு டியூப் என்றால் முக்காலிலிருந்து ஒரு லிட்டர். பிரவே என்கிற, நேரக் கெடு வைத்த நெடுந்தூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு 13 மணி 30 நிமிடம் நேரம் இருக்கிறது. ராத்திரியும் சேரும், மழை ஜாக்கெட்டும் சேரும். அவர்கள் பெரிய பை வாங்குவதில் நியாயம் உண்டு. குற்றாலம் போய் டீ குடித்துத் திரும்புகிறவருக்கு எதற்கு?

அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள்.

டியூப் வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கிற எழுத்தைப் படியுங்கள். 700x28 என்றிருந்தால் 28 மி.மீ. என்கிற அந்த டயர் அகலம் அடங்குகிற டியூப் வேண்டும். 18–25 என்று போட்டிருப்பதை வாங்கி 32 டயருக்குள் இழுத்து அடைக்காதீர்கள். அடுத்தது வால்வு. ரிம்மின் உயரத்தைவிட வால்வு 15 முதல் 20 மி.மீ. நீளமாக இருந்தால்தான் பம்ப் பிடிக்கும். 30 மி.மீ. ரிம்முக்கு 48 மி.மீ. வால்வு சரி. 40-க்கு 60 வேண்டும். 50 மி.மீ. கார்பன் சக்கரம் போட்டுக்கொண்டு பையில் 48 மி.மீ. வால்வு டியூப் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வால்வு ரிம்மை விட்டு வெளியே தலையே காட்டாது. சக்கரம் மாற்றுகிறவர்கள் ஸ்பேர் டியூபை மாற்ற மறந்துவிடுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் துளையிட்ட ரிம்மில் மோட்டார் பைக் மாதிரித் தடித்த ஷ்ரேடர் வால்வு நுழையவே நுழையாது. அதையும் பார்த்து வாங்குங்கள்.

ரப்பருக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்த டிபியு டியூப் வைத்திருக்கிறீர்களா? எடை குறைவு, இடமும் அடைக்காது, சின்னப் பைக்கு அருமை. ஆனால் பஞ்சர் கடைச் சொல்யூஷன் அதில் ஒட்டாது. அதற்கென்று தனி பேட்ச் உண்டு, அதை உடன் வையுங்கள். டயருக்கு வெளியே வைத்து அதில் காற்று அடிக்காதீர்கள், ஊதிப்போய்ப் பழைய அளவுக்குத் திரும்பாது.

லிவர் நைலானில் இரண்டு போதும். பஞ்சர் கடை இரும்பு லிவரைக் கார்பன் ரிம்மில் போட்டு நெம்பினால் டியூபோடு ரிம்முக்கும் சேர்த்துச் செலவு. மல்டி டூலில் 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, டி25 என்கிற நட்சத்திர முனை, செயின் கட்டர் இருக்க வேண்டும். பதினெட்டு வகை டூல் இருக்கிறது என்று பெருமையாக வாங்குவதில் செயின் கட்டர் மட்டும் இருக்காது! அறுந்த செயினை இணைக்கிற குயிக் லிங்க் கண்ணி ஒன்று, 10, 11, 12 ஸ்பீடு எதுவோ அதற்கேற்றது. கட்டர் இல்லாமல் லிங்க் மட்டும் வைத்திருப்பது பாதி வேலைதான், முறுக்கிப்போன கண்ணியை எதைக் கொண்டு கழற்றுவீர்கள்?

சொல்யூஷன் ட்யூப் ஒரு தடவை திறந்தால் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். பிதுக்கினால் காற்றுதான் வரும். உப்புத்தாள் ஒரு துண்டு, பேட்ச் நாலைந்து. கூடவே பழைய டயரின் பக்கச்சுவரில் இரண்டு அங்குலம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். டயர் கிழிந்தால் உள்ளே முட்டுக்கொடுக்க அதைவிட நல்லது இல்லை. டியூப்லெஸ் ஓட்டுகிறவர்கள் ஓட்டையில் செருகி அடைக்கிற பிளக் கிட் இருக்கிறது என்று டியூபை விட்டுவிட்டு வருகிறார்கள். பிளக் அடைக்க முடியாத வெட்டு வந்தால் டியூப்தான் கதி. அதை மாட்டுமுன் டயருக்குள் துணியால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். டயருக்குள் ஊற்றிய சீலண்ட் திரவம் இதுவரை அடைத்துவைத்த உடைமுள் எல்லாம் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும்.

காற்றுக்கு என்ன வழி? 16 கிராம் சிலிண்டர் ஒன்று 28 டயருக்குப் போதும், 32-க்கு ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். சிலிண்டரை வால்வோடு இணைக்கிற தலையைச் சரியாகத் திருகாமல் திறந்துவிட்டால் ஐந்து விநாடியில் எல்லாம் காற்றோடு போச்சு. அந்த வாயு ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும். வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிட்டு மறுபடி பம்பில் அடியுங்கள். மலை தாண்டுகிறவர்களுக்கு என் தயவான வேண்டுகோள், சிலிண்டர் இருந்தாலும் கைப்பம்ப் ஒன்று வையுங்கள். அதைப் பைக்குள் திணிக்க வேண்டாம், பாட்டில் ஸ்டாண்டு ஓரத்தில் பிடிப்பான் போட்டு மாட்டலாம். இருநூறு முந்நூறு அடி அடிக்க வேண்டியிருக்கும், கை வலிக்கும், ஆனால் அது தீர்ந்துபோகாது.

இனி கட்டும் முறை. டியூபை அட்டைப் பெட்டியோடு வைக்காதீர்கள். பெட்டி நைந்து, அட்டை முனையே டியூபை உரசும். காற்றை முழுக்கப் பிழிந்து, வால்வு மூடியைப் போட்டு, வால்வு நடுவில் வருகிற மாதிரிச் சுருட்டி, பழைய டியூபிலிருந்து வெட்டிய வளையம் ஒன்றால் இறுக்குங்கள். அதைப் பழைய சாக்ஸ் ஒன்றுக்குள் போட்டு, ஜிப்லாக் கவரில் வையுங்கள். மல்டி டூலைத் தனியாகத் துணியில் சுற்றுங்கள், செயினைத் தொட்ட கையைத் துடைக்க அதே துணி உதவும். கனமானது சீட் போஸ்ட்டை ஒட்டி முன்னால், டியூப் பின்னால். முன்னால் கனம் இருந்தால் பை ஆடாது.

சாக்ஸும் கவரும் எதற்கு என்றால், மேலே இருந்து பெய்கிற மழையைச் சீட்டு தடுத்துவிடும், பின் டயர் கீழிருந்து வாரி அடிக்கிற சேற்றுத் தண்ணீரைத் தடுக்க ஒன்றும் இல்லை. நம் ஊர்ச் சாரல் நனைக்கிறதா இல்லையா என்றே தெரியாது, ரோடு மட்டும் நாள் முழுக்க ஈரமாக இருக்கும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று அச்சடித்திருந்தாலும் ஜிப் வழியாக இறங்கும். ஆலன் கீ துருப்பிடித்து மடங்கவே மறுக்கும். ஓட்டிவிட்டு வந்ததும் பையைத் திறந்து காயவையுங்கள், இதுகூடவா சொல்ல வேண்டும்?

பையை மாட்டுமுன் சீட்டுக்கும் டயருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று டேப் வைத்து அளக்க வேண்டும். சாமான் நிரப்பிய பையின் அடிக்கும் டயருக்கும் நான்கு விரல் இடைவெளி வேண்டும். உயரம் குறைந்தவர்களின் சின்ன பிரேமில் சீட் போஸ்ட் ரொம்ப வெளியே வராது, அங்கே தொங்குகிற வகை சரிப்படாது. அகலமாக, சீட்டோடு ஒட்டிக் கிடக்கிற சுருட்டுப் பை வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் டூல் டப்பா ஒன்றை வாங்கி இரண்டாவது பாட்டில் இடத்தில் வைக்கலாம். எனக்குக் கேட்டால் மலை ரோட்டுக்கு அதுதான் இன்னும் நல்லது. மல்டி டூலை ஜெர்சியின் முதுகுப் பையில் போடுவது மட்டும் வேண்டாம். மல்லாந்து விழுந்தால் அது நேரே முதுகெலும்பில் குத்தும்.

கிளிப் வகைப் பை கழற்ற மாட்ட வசதி. அந்தக் கிளிப்புகள் பெரும்பாலும் 7 மி.மீ. உருண்டைக் கம்பிக்குச் செய்தவை. கார்பன் சீட்டின் அடிக்கம்பி முட்டை வடிவில் 7x9 மி.மீ. இருக்கும். அதில் இந்தக் கிளிப்பைத் திருகி இறுக்கினால் கம்பியில் கீறல் விழும். கார்பனுக்குப் பட்டை வகையே போதும். கார்பன் சீட் போஸ்ட்டில் பட்டை சுற்றுகிற இடத்தில் ஒட்டு பிலிம் ஒரு துண்டு ஒட்டுங்கள். வெல்க்ரோவுக்கு இடையே மணல் புகுந்தால் அதுவும் உப்புத்தாள்தான். பட்டையின் மிச்ச வாலை வெட்டிவிடுங்கள் அல்லது உள்ளே செருகுங்கள், தொங்கவிட்டால் ஸ்போக்ஸ் கம்பி இழுத்துக்கொள்ளும். வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் வெளியே தெரிந்தால் தொடையில் உரசி விலை உயர்ந்த ஷார்ட்ஸ் நூல் பிரிந்துவிடும்.

பின் விளக்கைப் பையில் தைத்த பட்டையில் மாட்டுகிறவர்கள் ராத்திரி ஒருமுறை பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். பாதி விளக்குகள் ரோட்டைப் பார்த்துத்தான் எரிகின்றன. பை கீழே இறங்க இறங்க விளக்கும் குனியும். சீட் போஸ்ட்டில் பைக்குக் கீழே மாட்டுங்கள், இடமில்லை என்றால் பிரேமின் பின் கம்பியில்.

மாட்டி முடித்ததும் பின் சக்கரத்தை ஒரு சாண் தூக்கிப் போடுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் மறுபடி கட்டுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் பட்டையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், புதுப் பட்டை கொஞ்சம் இளகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேர் டியூபை வெளியே எடுத்து லேசாகக் காற்று அடித்துத் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வராவிட்டால் வேறு மாதிரி மடித்துச் சுருட்டி வையுங்கள், பழைய மடிப்பிலேயே மடிக்க வேண்டாம். டிபியு டியூபில் மட்டும் காற்று அடிக்காமல் மடிப்பை மாற்றுங்கள். இதைச் செய்திருந்தால் இந்த வாரம் அந்த வேன் வாடகை மிச்சம்.

கடைசியாக ஒரு பித்தளைத் துண்டு. பிரெஸ்டா வால்வின் மேல் திருகுகிற அடாப்டர், சுண்டுவிரல் நுனி அளவுகூட இருக்காது, விலை ஒரு டீ, வடைக்குள் அடங்கும். கேரள எல்லை தாண்டினால் வழியில் இருக்கிற பஞ்சர் கடைகளில் உங்கள் டியூப் கிடைக்காது, ஆனால் கம்ப்ரஸர் இருக்கும். அந்தக் குழாய் ஷ்ரேடர் வால்வைத்தான் பிடிக்கும். அடாப்டரைப் பையின் ஜிப் வளையத்தில் நூலால் கட்டிவையுங்கள். கம்ப்ரஸர் காற்று ரோடு பைக் டியூபுக்குள் ஒரே நொடியில் ஏறிவிடும், கடைக்காரர் காருக்கு அடிக்கிற மாதிரிப் பிடித்தபடி நின்றால் வெடிக்கும். விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், நடுநடுவே டயரை நீங்களே அமுக்கிப் பாருங்கள். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், ‘மெல்ல, மெல்ல’ என்றால் மலைக்கு இரண்டு பக்கமும் புரியும்.