பிச்சாவரத்து வாய்க்கால்களில் இருளருக்குள்ள உரிமை

கிள்ளை வழியாகப் பிச்சாவரம் வருகிறவர்கள் படகேறி, சுரபுன்னை மரங்களுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே வாய்க்கால்களில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைக் கண்டால் கைப்பேசி அவர்கள் பக்கம் திரும்புகிறது. பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பதால், வேண்டாம் என்று சொல்லக்கூட அவர்களால் வாய் திறக்க முடியாது.

பழங்குடியினருக்காக வாதாடும் வழக்கறிஞரான என்னிடம் அவர்கள் அதிகம் முறையிடுவது மோட்டார் படகைப் பற்றித்தான். படகு கடந்ததும் சேறு கலங்குகிறது, இறால் கலைகிறது. நீர் வற்றியிருக்கும் சில மணி நேரமே அவர்களுக்குப் பிழைப்பு. கலங்கல் தெளிவதற்குள் நீர் ஏறிவிடுகிறது. பிச்சாவரம் போகிறவர்கள் தயவுசெய்து துடுப்புப் படகையே கேட்டு ஏறுங்கள்.

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் இது. கூட்டம் பெருகினால் ‘இங்கே இறங்காதே’ என்னும் அதட்டலும் பெருகும். அப்போது வாய்ப்பேச்சு எடுபடாது, கையில் பட்டா போல ஓர் ஆவணம் வேண்டும். வன உரிமைச் சட்டம், 2006 அதற்கு வழி செய்கிறது. காட்டுப் பகுதி நீர்நிலைகளில் மீன் பிடிக்கும் உரிமையைச் சமூக உரிமையாகவே பிரிவு 3(1) ஏற்கிறது. இந்த உரிமைக்கான கோரிக்கையைத் தொடங்கி வைக்கும் அதிகாரம் கிராம சபைக்கு உண்டு. கோரிக்கையைச் சரிபார்த்து முடிக்கும்வரை, காட்டு நிலத்தில் குடியிருப்பவர்களை வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 4(5). நீர்நிலை மீதுள்ள உரிமையை அனுபவிக்க விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் குற்றம். படகுத் துறையில் இருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் சாதிச் சான்று வேண்டும். தமிழ்நாட்டின் மிகவும் நலிந்த ஆறு பழங்குடிகளில் இருளரும் ஒருவர். ஆனாலும் சான்றுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர்கள் நடக்கும் நடை எனக்கு ஆத்திரமூட்டுகிறது. பக்கத்துப் புதுச்சேரியில் இருளர் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2016இல்தான்.

‘எங்களிடம் பத்திரம் ஏது ஐயா?’ என்று கேட்பார்கள். பத்திரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கோரிக்கையாளர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அதையும் சான்றாக ஏற்கின்றன வன உரிமைச் சட்டத்தின் விதிகள். எந்த வாய்க்கால், எந்தப் பருவம், என்ன மீன், யார் காலத்திலிருந்து என்று வாய்க்கால் வாய்க்காலாகக் கேட்டு எழுதுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் பலருக்கு வயதாகிவிட்டது. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.