தட்டிலிருந்து தோல் வரை

கண்ணாடியில் நாம் பார்க்கும் தோலுக்கு உயிர் இல்லை. விரலில் தட்டுப்படும் மேற்பரப்பு முழுக்க இறந்த செல்கள். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் இந்த இறந்த படலத்தின் தடிமன் சுமார் 0.02 மில்லிமீட்டர்தான். உடம்பின் ஈரத்தை உள்ளே நிறுத்துவதும், கிருமிகளை வெளியே நிறுத்துவதும் இந்தப் படலத்தின் வேலை. வறட்சி, சொரசொரப்பு, பொலிவு என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இதன் நிலையைப் பற்றித்தான்.

இறந்த செல்லுக்கு உணவூட்ட முடியாது. அப்படியிருக்க, நல்ல சாப்பாடு தோலை மாற்றும் என்று சொல்கிறோமே, எப்படி?

விடை அந்தச் செல்லின் பிறப்பில் இருக்கிறது. தோலின் வெளியடுக்கான மேல்தோலில் இரத்த நாளமே கிடையாது. அதற்குக் கீழே உள்ள அடித்தோல் வரைதான் இரத்தம் வருகிறது. அங்கிருந்து கசிந்து மேலேறும் சத்துகளை வைத்துத்தான் மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் பிழைக்கின்றன. அவை ஓயாமல் பிரிந்து புதுச் செல்களை உண்டாக்குகின்றன. புதியவை பழையவற்றை மேலே தள்ளுகின்றன. மேலேறும் வழியில் ஒவ்வொரு செல்லும் கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்புகிறது, தட்டையாகிறது, தன் உட்கருவை இழக்கிறது, கடைசியில் இறந்து படலத்தோடு சேர்கிறது. பிறந்தது முதல் உதிர்வது வரை இளவயதில் ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் நாள் பிடிக்கும்.

ஆகவே, உணவு செல்லுக்குப் போய்ச் சேர்வது அது உயிரோடு இருக்கும்போது மட்டுமே. இன்று உதிரப்போகும் செல், போன மாதச் சாப்பாட்டில் உருவானது. உணவை மாற்றிய மூன்றாம் நாளே முகம் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால், நான் முதலில் அவர் முகத்தில் என்ன தடவினார் என்று கேட்பேன்.

எலிகள் குடித்த தண்ணீர்

இறந்த படலத்தைச் செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளலாம். செல்கள் செங்கல், அவற்றின் இடைவெளியில் பூசிய சாந்து கொழுப்பு. செல் சாவதற்குச் சற்று முன்பு தனக்குள் சேர்த்துவைத்த கொழுப்பை வெளியே கொட்டுகிறது. செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பமிலங்கள் மூன்றும் அடுக்கடுக்காக அமைந்து நீர் தப்பாமல் அடைத்துவிடுகின்றன. கொலஸ்டிரால் என்றதும் பயப்படுபவர்கள் கவனிக்க வேண்டும்: அது இல்லாவிட்டால் இந்தச் சாந்து பிடிக்காது. தோல் தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

ஆனால் இந்தச் சாந்துக்கு வேண்டிய ஒரு பொருளை மட்டும் உடம்பால் தயாரிக்கவே முடியாது. அது லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். செராமைடுகளில் மிக முக்கியமான ஒரு வகைக்கு அதுதான் மூலப்பொருள். இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1929-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பு அறவே நீக்கிய உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாவு, புரதம், வைட்டமின்கள் எல்லாம் இருந்தன. கொழுப்பிலிருந்து கிடைக்கும் ஆற்றலை மாவுச்சத்து ஈடுகட்டிவிடும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. சில மாதங்களில் எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. அதோடு அவை வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடித்தன; ஆனால் அதற்கேற்பச் சிறுநீர் கூடவில்லை. குடித்த தண்ணீர் தோல் வழியே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. சுவர் ஒழுகியது. லினோலெயிக் அமிலத்தைச் சிறிதளவு உணவில் சேர்த்ததும் எலிகள் தேறின.

மனிதர்களிலும் இதே நிலை பின்னாளில் தெரிந்தது: வாய்வழி உணவே இல்லாமல், கொழுப்பு கலக்காத திரவத்தை மட்டும் இரத்தக் குழாய் வழியே நீண்ட நாள் பெற்ற நோயாளிகளுக்குத் தோல் வறண்டு உரிந்தது. சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு இந்தக் குறை வருவது அரிது. தாவர எண்ணெய்களிலும் விதைகளிலும் கொட்டைகளிலும் லினோலெயிக் அமிலம் தாராளமாக இருக்கிறது. எடை குறைக்கிறேன் என்று கொழுப்பு முழுவதையும் மாதக்கணக்கில் விலக்குபவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இந்த அமிலத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. தோலின் மேலே தடவினாலும் அது உள்ளே இறங்கிப் பயன்படுகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தச் சுவர் முழுதாகக் கட்டப்பட்டிருக்காது. அதன் வழியே கிருமிகள் இரத்தத்துக்குள் நுழைந்துவிடும். வங்கதேசத்தின் டாக்காவில் ஒரு மருத்துவமனையில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். 2005-ல் வெளியான முடிவின்படி, எண்ணெய் தடவாத குழந்தைகளைவிட இவர்களுக்கு மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு சாதாரண சமையல் எண்ணெய் செய்த வேலை இது.

எந்த எண்ணெயாக இருந்தாலும் சரி என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆலிவ் எண்ணெயில் மிகுதியாக இருப்பது ஒலெயிக் அமிலம். அது சாந்தின் அடுக்கைக் கலைத்துவிடும் இயல்புள்ளது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2013-ல் வெளியான ஆய்வில், சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் தடவிய கையில் தோல் தடுப்பு பலவீனமானது. சூரியகாந்தி எண்ணெய் தடவிய இடத்தில் அப்படி ஆகவில்லை. இரண்டுமே இயற்கையானவை, இரண்டுமே உண்ணத் தகுந்தவை. தோலுக்கு அந்தப் பட்டங்கள் முக்கியமில்லை, மூலக்கூறுதான் முக்கியம். வறண்ட தோல் உள்ளவர்களும், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

தன்னையே வெட்டக் கொடுத்த மருத்துவர்

அடித்தோலுக்கு வருவோம். தோலின் உறுதிக்குக் காரணமான கொலாஜன் இங்கேதான் இருக்கிறது. மூன்று புரத இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட நார் அது. அந்த முறுக்கு நிலைக்க வேண்டுமானால், இழையில் உள்ள சில அமினோ அமிலங்களில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு தொகுதி ஒட்ட வேண்டும். அதை ஒட்டவைக்கும் நொதியின் (என்சைம்) நடுவில் ஓர் இரும்பு அணு. வேலை செய்யும்போது சில வேளை அந்த இரும்பு ஆக்சிஜனேறிச் செயலிழந்துபோகும். அதை மீட்டுத் தருவது வைட்டமின் சி. அது இல்லாமல் உருவாகும் கொலாஜன் நம் உடல் வெப்பத்திலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும்.

1939-ல் பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் தன் உடம்பையே சோதனைக்குக் கொடுத்தார். வைட்டமின் சி இல்லாத உணவை மட்டுமே உண்டார். மூன்று மாதம் கழித்து அவர் முதுகில் ஒரு வெட்டுக் காயம் உண்டாக்கினார்கள். அது ஒழுங்காக ஆறியது. ஆறு மாதம் கழித்து மீண்டும் வெட்டினார்கள். இம்முறை மேலே தோல் மூடிக்கொண்டது, உள்ளே திசு ஒட்டவில்லை. வைட்டமின் சி கொடுத்த பிறகே காயம் சரியாக ஆறியது.

அந்த முதல் மூன்று மாதத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சத்தே இல்லாத உணவு உண்டும் தோல் சமாளித்தது. உடம்பின் இருப்பு கரையும் வரை எதுவும் வெளியே தெரியவில்லை. அதேபோல, இருப்பு நிறைந்திருக்கும்போது மேலும் மேலும் கொட்டினாலும் எதுவும் கூடுவதில்லை. வைட்டமின் சி குறையால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்க நாளுக்கு 10 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். அமெரிக்கப் பரிந்துரைப்படி பெண்களுக்கு 75, ஆண்களுக்கு 90 மில்லிகிராம். நடுத்தர ஆரஞ்சு ஒன்றிலேயே சுமார் 70 மில்லிகிராம் இருக்கும். 1000 மில்லிகிராம் மாத்திரை விழுங்கினால் குடல் அதில் ஒரு பகுதியை உறிஞ்சாமல் விட்டுவிடும். உறிஞ்சியதிலும் மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். சத்துக் குறை இருப்பவருக்கு அதைத் தீர்த்தால் தோல் அற்புதமாகத் தேறும். குறை இல்லாதவருக்கு மாத்திரை கொடுப்பது நிறைந்த குடத்தில் ஊற்றும் நீர்தான். துத்தநாகம், நியாசின், பயோட்டின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வைட்டமின் ஏ விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் மிகுதியானது கல்லீரலில் தங்கிச் சேதம் செய்யும். கருவுற்ற பெண்கள் மிகையாக எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக் கோளாறு வரலாம். பயோட்டின் நேரடியாகத் தீங்கு செய்யாது. ஆனால் அதிக அளவில் எடுப்பவர்களின் இரத்தப் பரிசோதனையில், மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் அளவு உட்படச் சில முடிவுகள் தவறாகக் காட்டக்கூடும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பல மாத்திரைகளில் அது இருக்கிறது. பரிசோதனைக்குப் போகும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கொலாஜன் பொடி இப்போது எங்கும் விற்கிறது. குடித்த கொலாஜன் அப்படியே தோலுக்குப் போய் உட்கார்ந்துகொள்வதில்லை; எல்லாப் புரதத்தையும் போலச் செரிமானத்தில் சிதைகிறது. அதன் சில சிறு துண்டுகள் இரத்தத்தில் சேர்வது உண்மை, அவை தோல் செல்களைத் தூண்டக்கூடும் என்பதும் ஆராயத்தக்கதே. ஆனால் பலன் காட்டிய ஆய்வுகளில் பல, தயாரிப்பு நிறுவனங்களின் பணத்தில் நடந்தவை. அந்த நிதி பெறாதவற்றை மட்டும் தனியே தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2025-ல் பலன் ஏதும் காணவில்லை. இன்னொன்று: தோலில் உள்ள கொலாஜனில் பாதி புதிதாக மாற ஏறக்குறைய 15 ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் புதிதாகச் சேர்ப்பதைவிட இருப்பதைச் சிதையாமல் காப்பதுதான் பெரிய காரியம்.

சிதைப்பதில் முதலிடம் புற ஊதாக் கதிர்களுக்கு. கொலாஜனை வெட்டும் நொதிகளை அவை தூண்டிவிடுகின்றன. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய ஒருவரின் முகப் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. சன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் ஆழ்ந்த சுருக்கமும் தடிப்புமாக, மறு கன்னத்தைவிடப் பல வயது மூத்ததாக இருந்தது. கண்ணாடி வழியே வரும் கதிரே இவ்வளவு செய்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 903 பேரிடம் நாலரை ஆண்டு நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. விருப்பப்பட்டபோது மட்டும் சன்ஸ்கிரீன் தடவியவர்களைவிட, தினமும் தடவியவர்களின் தோலில் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் ஒரு பிரிவினருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்தார்கள். மூப்பைக் குறைத்ததற்கான அடையாளமே இல்லை.

உணவிலிருந்து வரும் பாதுகாப்பு பூச்சியம் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் தினமும் 40 கிராம் தக்காளி விழுதை எண்ணெயோடு பத்து வாரம் சாப்பிட்டவர்களுக்குக் கதிர் பட்டுத் தோல் சிவப்பது 40 சதவீதம் குறைந்தது. தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீன் கொழுப்பில்தான் கரையும். எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் நன்றாக உறிஞ்சப்படும். இங்கேயும் பத்து வாரம் என்ற கால அளவைப் பாருங்கள். நிழலுக்கும் தொப்பிக்கும் சன்ஸ்கிரீனுக்கும் இது மாற்றாகாது, துணையாக இருக்கும்.

சர்க்கரையும் முகப்பருவும்

உணவு மாற்றம் ஓரளவு சீக்கிரம் பலன் காட்டக்கூடிய இடம் முகப்பரு. மாவும் சர்க்கரையும் மிகுந்த உணவு இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகிறது. அதை இறக்க இன்சுலின் பெருகுகிறது. இன்சுலின் உயர்ந்தால் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களின் வேகமும், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியின் வேகமும் கூடுகின்றன. இவை எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கி, மயிர்க்கால் வாயில் செல்கள் குவிந்து அடைக்கவும் செய்கின்றன. 2007-ல் மெல்போர்னில் 43 இளைஞர்களிடம் 12 வாரம் நடத்திய சோதனையில், சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவும் சற்றுக் கூடுதல் புரதமும் உண்டவர்களுக்குப் பருக்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தன. சிறிய சோதனைதான், அவர்களின் எடையும் குறைந்ததால் எதனால் பலன் என்று பிரிப்பதும் கடினம். என்றாலும் செய்து பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. கடுமையான பரு தழும்பை விட்டுச் செல்லும். அதற்கு உணவை மட்டும் நம்பிக் காத்திருப்பது தவறு.

பருவுக்கும் கருமைக்கும் எலுமிச்சைச் சாறு தடவும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது, அமிலக்காரக் குறியீடு (pH) 5 அளவில். இந்த எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியதாகப் பொருள். எலுமிச்சைச் சாற்றின் குறியீடு 2. அமிலச் செறிவு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. எரிச்சலோடு அது நிற்பதில்லை. எலுமிச்சை வகைகளில் உள்ள ஃபியூரோகூமரின் என்னும் பொருள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் போட்டு, மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டை உண்டாக்கிவிடும். கருமையைப் போக்கத் தடவியது கருமையைக் கொண்டுவரும். சமையல் சோடாவும் காரம் மிகுந்த சோப்பும் எதிர்த்திசையில் கெடுக்கின்றன: செராமைடு தயாரிக்கும் நொதிகளுக்கு அந்த இலேசான அமிலச் சூழல் வேண்டும், காரம் அதைக் குலைத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் குளித்து, ஈரம் முழுதும் காயும் முன் மாய்சரைசர் தடவுவது எளிய, உறுதியான வழி.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெட்டுத் துணி போலத் தடித்துவிடுவதைப் பலர் அழுக்கென்று நினைத்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள், பிள்ளைகளையும் திட்டுகிறார்கள். அது பெரும்பாலும் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பணியாததன் அடையாளம். இரத்தத்தில் மிகுந்துவிட்ட இன்சுலின் மேல்தோல் செல்களை வேகமாகப் பெருகவைக்கிறது. மேலே தடவும் பசையும் பொடியும் அந்தக் காரணத்தைத் தீர்க்காது. முதலில் செய்ய வேண்டியது இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை; உடல் எடையும் இன்சுலினும் குறையக் குறைய, சில மாதங்களில் கழுத்து தானாகவே வெளுக்கத் தொடங்கும்.