ஸ்பேனர் செட் பிரிக்கும், சேர்க்காது

போன வாரம் பட்டறை வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. இறங்கிய தம்பியின் கையில் கோணிப்பை. அதற்குள் பழைய ஸ்விஃப்ட்டின் கியர்பாக்ஸ், துண்டு துண்டாக. "கழட்டிட்டேனுங்கண்ணா, மாட்டத்தான் வரலைங்க" என்றார். இந்த வருஷம் எனக்கு வந்த நான்காவது கோணிப்பை இது.

வீட்டில் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் ஒருகாலத்தில் திண்ணையில் உட்கார்ந்து பிரித்தவன்தான். ஆனால் பிரிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது எல்லா கியரும் முரண்டு பிடித்து, நிறுத்தியதும் வெண்ணெய் மாதிரி விழுந்தால் பெரும்பாலும் கிளச்தான் சரியாக விலகவில்லை. கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். இரண்டாவது கியர் மட்டும் கரகரத்தால் சிங்க்ரோ ரிங்கை, அதாவது கியர் விழும் முன் வேகத்தை ஒன்றாக்கும் வளையத்தை, சந்தேகப்படலாம்.

சரி, இறக்கியே ஆக வேண்டும் என்றால் என்னென்ன வேண்டும்? எல்லோரும் ஸ்பேனர், சாக்கெட் செட் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் பிரிப்பதற்கு. மறுபடி சேர்க்கத்தான் உண்மையான டூல்ஸ் வேண்டும், அதை ஒருவரும் வாங்குவதில்லை.

என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றுவது. "கட்டை வச்சுத்தானே தட்டினேன்" என்பார்கள். கட்டை வைத்தாலும் அடி அடிதான். ஷாஃப்ட்டில் இறுக்கமாக உட்காருவது பேரிங்கின் உள் வளையம். நீங்கள் தட்டுவது கைக்கு வசமாக இருக்கும் வெளி வளையத்தை. அந்த அடி நடுவில் உள்ள குண்டுகள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் குண்டு ஓடும் தடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது, கையில் சுற்றினால்கூட நன்றாகத்தான் சுற்றும். வண்டியில் மாட்டி ரோட்டில் ஏற்றியதும் ஊளையிடும். உடனே "கடைக்காரன் டூப்ளிகேட் பேரிங் கொடுத்துட்டான்" என்று பழி. கடைக்காரர் நல்ல பேரிங்தான் கொடுத்தார் தம்பி, கெடுத்தது நீங்கள். போதாததற்கு, பேரிங் கெட்டியான ஸ்டீல். சுத்தியல் பட்டால் சில்லு தெறித்துக் கண்ணுக்குள் போகும்.

ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள் வளையத்தை அழுத்துங்கள், ஹவுசிங்கில் இறக்கும்போது வெளி வளையத்தை. அதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். ஒரே ஒரு கியர்பாக்ஸுக்காக அதை வாங்கச் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டு போனால் டீ ஆறுவதற்குள் அழுத்திக் கொடுத்துவிடுவார்கள். பேரிங்கை உருவி எடுக்கும் புல்லரும் பேரிங் ஸ்ப்ளிட்டரும் பல இடங்களில் இரவலாகவே கிடைக்கும்.

காசு போட்டு வாங்க வேண்டியவை அளக்கும் சாமான்கள். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்தான் ஃபீலர் கேஜ், விலை அதிகமில்லை. சிங்க்ரோ ரிங்கைக் கியரின் கோனில் அழுத்தி, ரிங்குக்கும் கியரின் பக்கப் பற்களுக்கும் இடையே தகட்டை விட்டுப் பாருங்கள். பல கார்களில் புது ரிங்குக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இடைவெளி இருக்கும். அரை மில்லிக்குக் கீழே போயிருந்தால் ரிங்கின் ஆயுள் முடிந்தது. உங்கள் வண்டிக்குச் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதுவும் ஒரு டூல்தான். ஷாஃப்ட் ஆட்டத்தைப் பார்க்க டயல் கேஜ். அப்புறம் எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச். ஹவுசிங் அலுமினியம். எட்டு மில்லி போல்ட் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் கேட்கும். முழுக்கை பலத்தையும் காட்டினால் மரை கையோடு வந்துவிடும்.

சர்க்கிளிப் என்கிற பூட்டு வளையத்தைக் கழற்ற சர்க்கிளிப் பிளையர், உள்ளுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். பின் பஞ்ச் செட் ஒன்று. ஐந்தாம் கியரின் நட்டுக்கு இம்பேக்ட் ரெஞ்ச் இல்லாதவர்கள் இரண்டு கியரை ஒரே நேரத்தில் போட்டு ஷாஃப்ட்டைப் பூட்டிவிட்டுக் கழற்றுவோம். அந்த நட்டை மறுபடி போடாதீர்கள், புதிது வாங்குங்கள். லாக் பால், ஸ்பிரிங் எல்லாம் குதித்து ஓடும் ஜாதி. துணியைப் போட்டு மூடிக்கொண்டே கழற்றுங்கள். ஆயில் ஊற்றும்போது டப்பாவில் ஆயிலின் ரகம் ஜிஎல்-4 என்று இருக்கிறதா பாருங்கள். பித்தளை ரிங் உள்ள பாக்ஸில் ஜிஎல்-5 வேண்டாம்.

தயவுசெய்து ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள். அது எச்சரிக்கை கொடுத்துவிட்டு உடையாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்ட். பாக்ஸை இறக்க இன்னொரு ஆள் வேண்டும், நெஞ்சில் வைத்து இறக்குவது வீரமில்லை. கண்ணாடி போடுங்கள். கழுவ பெட்ரோல் வேண்டாம், மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும், அதுவும் அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம். கம்ப்ரஸர் காற்றால் பேரிங்கைச் சுழற்றி விளையாடுகிறவர்களை என் பட்டறையில் சேர்ப்பதில்லை. வேகம் ஏறினால் அது சிதறும்.

அந்தத் தம்பியின் கோணிப்பையில் எல்லாம் இருந்தன, இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய வளையமான ஒரு ஷிம் தவிர. பழைய வாஷர் என்று நினைத்துப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டாராம். எத்தனை தடிமன் என்று யாருக்குத் தெரியும்? அளந்துதான் புதிது போட வேண்டும். ஸ்ட்ரெயிட் எட்ஜையும் ஃபீலர் கேஜையும் அவர் கையிலேயே கொடுத்து உட்கார வைத்தேன். மூன்று முறை அளந்தார். மூன்றும் வேறு வேறு எண். நான்காவது முறை அளந்துகொண்டிருக்கிறார்.