மார்ஃபன் மரபணு: இரண்டு தேடல்கள், ஒரே இடம்

1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு வாலிபால் போட்டியின் நடுவே, அமெரிக்க வீராங்கனை ஃப்ளோ ஹைமன் சரிந்து விழுந்து இறந்தார். வயது 31. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்திருந்தது. அவருக்கு மார்ஃபன் நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய் இது. எந்த மரபணு பழுதானால் இது வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நெடிய உடல், நீண்ட விரல்கள், இடம் நகர்ந்த கண்வில்லை, வீங்கும் பெருந்தமனி: இவைதான் இந்த நோயின் அடையாளங்கள். இந்த உறுப்புகளுக்கெல்லாம் பொதுவானது, உடலைத் தாங்கிப் பிணைக்கும் இணைப்புத் திசு. எனவே முதல் சந்தேகம் அந்தத் திசுவின் முக்கியப் புரதமான கொலாஜன் மேல் விழுந்தது. அந்த மரபணுக்களைச் சோதித்து, இவை இல்லை என்று கழித்தார்கள்.

சரி, எந்த மரபணு என்றே தெரியாமல் எப்படித் தேடுவது? குரோமோசோம்கள் ஜோடியாக இருக்கின்றன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அப்போது ஒரே குரோமோசோமில் தள்ளித் தள்ளி இருக்கும் மரபணுக்கள் பிரிந்துபோகலாம். மிக அருகில் இருப்பவை பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்கு இறங்கும். ஆகவே ஆளுக்கு ஆள் மாறுபடுகிற, இருப்பிடம் தெரிந்த டிஎன்ஏ துண்டுகளை அடையாளக் குறிகளாக வைத்துக்கொண்டு, நோயுள்ள குடும்பங்களில் எல்லோருடைய ரத்தத்தையும் பார்ப்பார்கள். ஒரு குடும்பத்தில் நோய் வந்தவர்களிடமெல்லாம் ஒரு குறியின் ஒரே வடிவம் இருந்து, வராதவர்களிடம் அது இல்லாவிட்டால், நோய் மரபணு பக்கத்தில்தான் இருக்கிறது. அது தற்செயல் அல்ல என்று ஏற்க, தற்செயல் என்பதைவிட அருகில் இருப்பது என்பதற்கு ஆயிரம் மடங்காவது கணக்கு சாதகமாக வரவேண்டும். 1990இல் பின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்த லீனா பெல்டோனன் குழு, 15ஆம் குரோமோசோமைக் காட்டியது.

ஆனால் அந்தப் பகுதியில் ஏராளமான மரபணுக்கள் உண்டு. அங்கே கைகொடுத்தது வேறொரு ஆய்வு. அமெரிக்காவில் லின் சக்காய் 1986லேயே ஃபிப்ரிலின் என்ற புரதத்தைக் கண்டறிந்திருந்தார். கண்வில்லையைத் தாங்கும் மெல்லிழைகளிலும் பெருந்தமனிச் சுவரிலும் அது இருக்கிறது. மார்ஃபன் நோயாளிகளின் தோலில் ஃபிப்ரிலின் இழைகள் குறைவாக இருப்பதும் தெரியவந்தது. 1991இல் அதன் மரபணு எங்கே என்று பார்த்தால், அதே 15ஆம் குரோமோசோம்!

அதோடு முடியவில்லை. அருகில் இருக்கிறது என்பதாலேயே குற்றவாளி ஆகிவிடாது. ஹாரி டீட்ஸ் குழு தந்த சான்றுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒருவருக்கொருவர் உறவில்லாத, பெற்றோருக்கு நோயே இல்லாத இரண்டு நோயாளிகள். இருவரின் ஃபிப்ரிலின் மரபணுவிலும் ஒரே எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் புரோலின் என்ற வேறொன்று. பெற்றோரிடம் அந்த மாற்றம் இல்லை. நோயும் புதிது, பிழையும் புதிது.

இன்று இந்த மரபணுவில் ஆயிரக்கணக்கான பிழைகள் தெரியும். பெரும்பாலும் குடும்பத்துக்குக் குடும்பம் பிழை வேறு. அதனால் முதல் நோயாளிக்கு மரபணு முழுவதையும் படிக்கவேண்டும். அப்புறம் உறவினருக்கு அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். நோயுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அதேசமயம் நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்குப் பிழை புதிதாக வந்தது. எனவே குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதை மட்டும் நம்பி, இதயத்தையும் பெருந்தமனியையும் ஒலி அலைகளால் பார்க்கும் எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.