ஃபோரம் தியேட்டர்: தமிழில் என்ன சொல்வது?

சாதி, கூலி, ஆண்-பெண் பாகுபாடு போன்றவற்றை வகுப்பறையில் பேச முனையும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் முறைகளில் ஒன்று ‘ஃபோரம் தியேட்டர்’. விழிப்புணர்வு நாடகம்தானே என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். இல்லை. விழிப்புணர்வு நாடகத்தில் கடைசிக் காட்சியில் ஓர் அதிகாரியோ ஆசிரியையோ வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார். பிள்ளைகள் கைதட்டிவிட்டுக் கலைந்துபோவார்கள். ஃபோரம் தியேட்டரில் நாடகம் தோல்வியில் முடியும். வேண்டுமென்றே அப்படி முடிப்பார்கள். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: அதே நாடகம் மறுபடி நடக்கும், பார்வையாளர்களே எழுந்து வந்து நடித்து முடிவை மாற்றப் பார்ப்பார்கள்.

இதை உருவாக்கியவர் பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் (1931–2009). ராணுவ ஆட்சி அவரை 1971இல் கைதுசெய்து சித்திரவதை செய்தது; வெளியே வந்தவர் அர்ஜென்டினாவுக்குப் போனார். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் வேலைசெய்தபோது, பார்வையாளர்கள் யோசனை சொல்ல நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவது அவருடைய வழக்கம். ஒருநாள், ஏமாற்றிய கணவனைக் கதையின் நாயகி எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்று ஒரு பெண் யோசனை சொன்னார். நடிகை எத்தனை விதமாக நடித்தும் யோசனை சொன்ன பெண்ணுக்குத் திருப்தியில்லை. கடைசியில் அவரே மேடையேறி, துடைப்பத்தைக் கையில் எடுத்து, தான் சொன்னதன் பொருளைக் காட்டிவிட்டார். பார்வையாளரே மேடையேறும் முறை இப்படித்தான் பிறந்தது என்று போவாலே சொன்ன கதை இது. 1974இல் வந்த அவருடைய நூலின் பெயரைத் தமிழில் ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ என்கிறோம். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் ‘ஒடுக்கப்பட்டோருக்கான கல்வி’ நூலின் எதிரொலி அந்தப் பெயர். இந்தியாவில் மேற்கு வங்கத்து ‘ஜன சன்ஸ்கிருதி’ 1985இல் தொடங்கிய குழு. இந்த முறையை நெடுங்காலமாக ஊர் ஊராகக் கொண்டுசெல்கிறது.

இனி சொல்லுக்கு வருவோம். ‘ஃபோரம்’ லத்தீன், ரோமாபுரியில் ஊர் கூடிய சந்தைச் சதுக்கம். ‘தியேட்டர்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. பார்க்கும் இடம் என்று பொருள். இரண்டாவதற்கு ‘அரங்கு’ இருக்கிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அதற்கு அளவே கொடுக்கிறது. அந்தக் காதைக்குக் கூத்து நுணுக்கமெல்லாம் விரித்து உரை எழுதிய அடியார்க்கு நல்லார் கொங்கு நாட்டு நிரம்பைக்காரர் என்பது மரபு. ஆகவே நமக்கு இது அந்நியச் சரக்கு அல்ல.

சிக்கல் முதல் சொல்லில்தான். ‘விவாத அரங்கு’ என்றால் பிள்ளைகள் உடனே பட்டிமன்றம் நடத்தத் தொடங்கிவிடுவார்கள். நடுவர் வேறு தீர்ப்புச் சொல்வார். ‘கருத்தரங்கு’ ஏற்கெனவே தூக்கம் வரவழைக்கும் வேறொன்றுக்குப் பெயர். என் தேர்வு ‘மன்ற அரங்கு’. மன்று என்பது ஊர் கூடும் பொதுவெளி. அங்கே வழக்குரைப்பது மன்றாடுவது. பிறகு அதுவே கெஞ்சுவதையும் குறித்தது. கொங்கிலோ ‘மன்றாடியார்’ பட்டக்காரர்கள் எனப்படும் பரம்பரைத் தலைவர்களின் பட்டம். பழையகோட்டைப் பட்டக்காரர் பெயரோடு வருவது. ஒரே வேரிலிருந்து மேலே இருப்பவருக்குப் பட்டமும் கீழே நிற்பவருக்குக் கெஞ்சலும்! மன்றில் யார் உட்காரலாம், யார் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதில் நம் ஊர்கள் கறாராகவே இருந்தன. வாய்திறக்க இடமில்லாதவரை நடுவில் நிறுத்தும் முறைக்கு அந்தப் பெயரை வைப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பல்லடம் பக்கத்துப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். நாடகம் ஐந்து நிமிடம்: நூற்பாலைக்கு ஆள்சேர்க்கும் தரகர் வீட்டுக்கு வருகிறார். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலைசெய்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இந்தப் பகுதி நன்கறிந்த ஏற்பாடு. அம்மா தலையாட்டுகிறார், மகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். மறுபடி அதே நாடகம். இம்முறை யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லி மகளின் இடத்துக்கு வரலாம். ஒருத்தி வந்து, “பத்தாவது முடித்துவிட்டுப் போகிறேன்” என்கிறாள். தரகராக நடிப்பவன் விடுவதில்லை: “பத்தாவது படித்தாலும் அதே கூலிதான், அம்மிணி.” அவள் திணறுகிறாள். அடுத்தவன் வந்து அம்மாவைத் தனியே அழைத்துப் பேசிப் பார்க்கிறான். தரகரை நல்லவராக மாற்றிவிடுவது மட்டும் கூடாது. அது மந்திரம், தீர்வு அல்ல.

இடையே நின்று “இது நடக்குமா?” என்று சபையைக் கேட்பவரைப் போவால் ‘ஜோக்கர்’ என்றார். சீட்டுக்கட்டில் எந்தப் பக்கமும் சேராத சீட்டு அது. ‘கோமாளி’ என்று பெயர்த்தால் கெட்டது. கூத்தை இடையிடையே பேசி நடத்திச்செல்லும் ‘கட்டியங்காரர்’ பக்கத்தில் வருகிறார். ஆசிரியருக்கு உரிய வேடம் அதுதான். தீர்ப்புச் சொல்லும் ஆசை உள்ளவர்களுக்குக் கடினமான வேடம். எழுந்து வந்து நடிக்கும் பார்வையாளருக்குப் ‘பங்காளி’ என்று சொல்லலாமே என்றார் நண்பர் ஒருவர். கொங்கில் அந்தச் சொல்லை எடுத்தால் வரப்புத் தகராறு நினைவுக்கு வரும். ‘பார்வை நடிகர்’ போதும்.

வேடம் பிரிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனிக் குவளையில் டீ குடிக்க வைக்கப்படுபவரைப் பற்றிய நாடகமானால், அந்த அவமானத்தை வீட்டில் அனுபவிக்கும் பிள்ளையையே அந்த வேடத்துக்கு ஆசிரியர் கைகாட்டக் கூடாது. அவன் தானாக ‘நிறுத்து’ என்று எழுந்தால் வழிவிட வேண்டும்.