பட்டினி கிடந்த குடம்பியும் வைரசு கடக்கும் குடற்சுவரும்

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் டெங்குக் காய்ச்சல் கூடும் தை மாதத்தில், கல்முனையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எங்கள் வளவில் கிடந்த வாளித் தண்ணீரில் இலையோ குப்பையோ இல்லை. அதிலிருந்து வந்த நுளம்புகளும் மிகச் சிறியவை. தின்ன ஒன்றுமில்லாமல் வளர்ந்த நுளம்பு டெங்கைப் பரப்புமா?"

பரப்பும். சில இனங்களில், வயிறார உண்டு வளர்ந்த நுளம்பைவிட இலகுவாகவே பரப்பும்.

முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்ற நான்கு பருவங்களும் பாடசாலையில் படித்தவைதாம். இவற்றுள் குடம்பி மட்டுமே நீரிலுள்ள பற்றீரியாக்களையும் அல்காக்களையும் அழுகிய இலைத் துணுக்குகளையும் உண்டு உடல் வளர்க்கிறது. கூட்டுப்புழு எதுவும் உண்பதில்லை, சிறகு முளைத்த நுளம்பும் அதன்பின் பருமனில் வளர்வதில்லை. ஆகவே ஒரு சிரட்டைத் தண்ணீரில் நூறு குடம்பிகள் இரைக்குப் போட்டியிட்டால், ஒரு வாரத்தில் முடியக்கூடிய வளர்ச்சி பல வாரங்களுக்கு இழுபடும். தப்பிப் பிழைப்பவையும் சிறுத்தே வெளிவரும்.

இனி வைரசின் பயணத்தைப் பார்க்கலாம். நோயாளியின் இரத்தத்தோடு நுளம்பின் நடுக்குடலுக்குள் போகும் வைரசு, குடற்சுவரின் கலங்களைத் தொற்றி அங்கே பெருகி, சுவரின் மறுபக்கத்தால் வெளியேறி, உடற்குழியைக் கடந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். டெங்கு வைரசுக்கு இதற்குப் பொதுவாக 8 முதல் 12 நாட்கள் தேவைப்படுகின்றன. இந்தப் பயணத்தில் என்னை மிகவும் கவர்ந்த இடம், குடற்கலங்களின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் அடிமென்தகடு என்ற படலமே. கொலாஜன், லமினின் முதலிய புரத இழைகள் படைபடையாகப் பின்னி உருவான இப்படலம், மருதமுனைத் தறியில் நெருக்கி நெய்த துணியைப் போன்றது. டெங்கு வைரசின் விட்டம் ஏறக்குறைய 50 நனோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் இப்படலத்தின் துளைகள் அதைவிடவும் சிறியவை என்பதால், கலங்களுக்குள் ஏராளமாகப் பெருகிய வைரசும் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கிவிடலாம்.

குடம்பியின் பட்டினி இந்தப் படலத்திலும் பதிவாகிறது. அமெரிக்காவில் சிறுவர்களுக்கு மூளையழற்சியை உண்டாக்கும் லா குரொஸ் வைரசைக் காவும் ஈடிஸ் திரைசீரியேற்றஸ் என்ற நுளம்பை ஆராய்ந்த கிறிம்ஸ்டாட் குழுவினர், இரை குறைந்து வளர்ந்த நுளம்புகள் வைரசைக் கூடுதலாகக் கடத்துவதை 1984 இல் வெளியிட்டனர். 1991 இல், அத்தகைய நுளம்புகளில் அடிமென்தகடு மெலிந்திருப்பதையும் காட்டினர்.

இன்னொரு காரணமும் இதனோடு சேர்கிறது. சேமிப்பில்லாத சிறிய பெண் நுளம்புக்கு முதல் தொகுதி முட்டைகளை முதிர்விக்க ஒருமுறை குடித்த இரத்தம் பெரும்பாலும் போதாது. அது மறுபடியும் கடிக்க வேண்டியிருக்கிறது. டெங்கை முதன்மையாகப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தை நுளம்புகளுக்கு வைரசு கலந்த இரத்தத்தை ஊட்டி, சில நாட்களின் பின் வைரசு இல்லாத இரத்தத்தை மீண்டும் ஊட்டியபோது, குடல் விரிந்து அடிமென்தகட்டில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்பட்டு, அவற்றின் ஊடாக வைரசு விரைவாக வெளியேறியதை 2020 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பசி நுளம்பை இரண்டாவது வீட்டுக்கு அனுப்புகிறது. அங்கே குடிக்கும் இரத்தமே வைரசுக்கு வழி திறந்து விடுகிறது. இவ்வளவு கச்சிதமான ஒரு பொருத்தத்தை நான் உயிரியலில் அதிகம் கண்டதில்லை.

எல்லா நுளம்பும் இப்படியே என்று எண்ணிவிடக் கூடாது. குடம்பிகளுக்கிடையிலான போட்டி டெங்கைப் பரப்பும் மற்றோர் இனமான ஈடிஸ் அல்போபிக்ரஸ் நுளம்பில் டெங்குத் தொற்றைக் கூட்டியதாகக் காட்டிய அதே ஆய்வில், ஈடிஸ் எஜிப்தையில் அத்தகைய தெளிவான வேறுபாடு வரவில்லை. பெரிய நுளம்பு ஒரே தடவையில் கூடுதல் இரத்தம் குடிக்கிறது, பெரும்பாலும் கூடுதல் நாட்களும் வாழ்கிறது. வைரசு உமிழ்நீரை எட்டும் முன்பே இறந்துவிடும் சிறிய நுளம்பின் குடற்சுவர் எவ்வளவு மெலிந்திருந்தாலும் அதனால் நோய் பரவாது.

ஆகையால் எங்கள் வளவுகளில் எத்தகைய நுளம்பு பிறக்கிறது என்பதை அளந்துதான் அறிய முடியும். சிறகின் நீளமே உடற்பருமனைக் காட்டிவிடும். அதற்கு ஒரு சாதாரண நுணுக்குக்காட்டியும் பொறுமையும் போதும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் மாணவர் ஒருவர் காத்தான்குடியின் தண்ணீர்த் தொட்டிகளிலும் அக்கரைப்பற்றின் பழைய ரயர்களிலும் மழைக்காலம் முழுவதும் இதைச் செய்யலாம். புகையடிப்பதற்கு ஆகும் பணத்தில் சிறு பங்கை இத்தகைய ஆய்வுக்கு ஒதுக்குவதே நியாயம் என்பது என் எண்ணம், ஏனெனில் அந்தப் புகை பறக்கும் நுளம்பைக் கொல்லுமே ஒழிய நீருக்குள் இருக்கும் குடம்பியைத் தொடுவதில்லை.

கேள்வி கேட்ட வாசகர் வாளியில் விழும் இலைகளை மட்டும் அள்ளி எறிந்துவிட்டுத் தண்ணீரை விட்டுவைத்தால் இரைதான் குறையும். மிஞ்சும் குடம்பிகள் சிறுத்தாவது பறந்துவிடும். குடம்பிகளில் பாதியை மட்டும் அள்ளினால், எஞ்சியவை போட்டியின்றிக் கொழுத்து வளரும். தண்ணீர் முழுவதையும் தரையில் ஊற்றி, வாளியின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழை நீர் பட்டதும் பொரிக்கக்கூடியவை.