டக்கிங்: தமிழில் ஒலித்தாழ்த்தல்

ஒரு ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக இன்னொன்றைக் கொஞ்ச நேரம் இறக்கிவைத்து, வேலை முடிந்ததும் பழைய அளவுக்கே ஏற்றிவிடுவதற்கு ஒலித்துறையில் டக்கிங் என்று பெயர். வானொலியில் அறிவிப்பாளர் பேச ஆரம்பித்ததும் பின்னணி இசை அடங்குவது இதனால்தான். வீடியோ கேமில் இந்த வேலை இன்னும் சிக்கலானது. ஆட்டக்காரர் எந்த நொடியில் சுடுவார், எப்போது கதவைத் திறப்பார் என்று ஒலி வடிவமைப்பாளருக்குத் தெரியாது. எது கேட்டால் எது இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே விதி எழுதி வைக்கத்தான் அவரால் முடியும்.

ஆங்கிலத்தில் 'டக்' என்ற வினைக்குத் தண்ணீருக்குள் முங்குதல், தலையைச் சட்டென்று குனிதல் என்று பொருள். முங்கி இரை தேடும் வாத்துக்குப் பெயர் வந்ததும் இந்த வினையிலிருந்துதான். முங்கியது மேலே வரும், குனிந்த தலை நிமிரும். அந்த மீட்சியையும் சேர்த்தே ஒலித்துறை இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஒலிக்குறைப்பு' என்றால் அமைப்புகள் பக்கத்தில் ஆட்டக்காரரே செய்வது போலிருக்கிறது. 'ஒலியடக்கம்' முழுதாக வாயை மூடியதாகப் படுகிறது. நான் பரிந்துரைப்பது 'ஒலித்தாழ்த்தல்'. பக்கத்தில் ஒருவர் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம் அல்லவா, அதே வழக்கு. சுருதி தாழ்த்துவதோடு குழம்பிவிடக் கூடாது என்பதால் 'ஒலி' என்ற முன்னொட்டை விடக் கூடாது. இதைச் செய்யும் கருவியை 'ஒலித்தாழ்த்தி' எனலாம்.

ஒரு போர்க்களக் காட்சியை எடுத்துக்கொள்வோம். இசை உச்சத்தில், சுற்றிலும் துப்பாக்கிச் சத்தம். வயர்லெஸ்ஸில் தோழன், "இடப்பக்கம்... மாடியில் ஒருத்தன்!" என்கிறான். இசைத்தடத்தில் ஒரு கம்ப்ரெசர், அதாவது ஒலி அளவைத் தானாகவே இறக்கும் கருவி, இருக்கிறது. ஆனால் அதை இயக்குவது பேச்சுத்தடம். இதைத்தான் சைடுசெயின் என்கிறார்கள். பேச்சு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் இசை 6 டெசிபெல் இறங்குகிறது என்று வையுங்கள். அலைவீச்சு பாதியாகிவிடும், ஆனால் காதுக்குப் பாதியாகத் தோன்றாது. அதற்குச் சுமார் 10 டெசிபெல் இறங்க வேண்டும்.

இறங்கும் வேகம் அட்டாக், ஏறும் வேகம் ரிலீஸ். அனேகமாகக் கெட்டுப்போவது இரண்டாவதுதான். "இடப்பக்கம்" என்று சொல்லிவிட்டு அவன் மூச்சு வாங்கும் அந்தச் சின்ன இடைவெளியில் இசை எம்பி, அடுத்த சொல் வந்ததும் மறுபடி விழுந்தால் எரிச்சலாக இருக்கும். ஒலிக்காரர்கள் இதைப் 'பம்பிங்' என்பார்கள். ஏற்றத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி, அப்புறம் மெதுவாக ஏற்றினால் யாருக்கும் தெரியாது. இன்னும் நுட்பமாகச் செய்கிறவர்கள் இசை முழுவதையும் தொடுவதில்லை. பேச்சின் தெளிவைப் பெரும்பாலும் தாங்குவது 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. அதை மட்டும் இறக்கினால் முரசும் அடித்தாளமும் அப்படியே நிற்கும், பேச்சும் புரியும். எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான்.

வைஸ், எஃப்மாட் போன்ற கேம் ஒலி மென்பொருள்களில் இவை எல்லாவற்றுக்கும் வசதி உண்டு. ஆனால் அருகில் இருக்கும் சில முறைகளையும் டக்கிங் என்றே அழைத்துவிடுவது சரியல்ல. 2008-இல் வந்த 'பேட்டில்ஃபீல்ட்: பேட் கம்பெனி' கேமில் டைஸ் நிறுவனம் எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்) ஒலி முறையைக் கையாண்டது. அதில் அந்த நொடியின் உரத்த ஒலியை வைத்துக் கேட்கும் எல்லையே நகரும். எல்லைக்குக் கீழே போன மெல்லிய ஒலிகள் ஒலிக்கவே மாட்டா. 2016-இல் வந்த 'ஓவர்வாட்ச்' வேறு வழியில் போனது. எந்த எதிரியால் ஆட்டக்காரருக்கு அதிக ஆபத்து என்று கேமே கணித்து, அவனுடைய ஒலிகளை முன்னே நிறுத்தும். அங்கே ஒலிகளின் வரிசையை முடிவுசெய்வது சத்தத்தின் அளவு அல்ல, ஆட்டத்தின் நிலவரம். அதற்கு 'முன்னுரிமைக் கலவை' என்று தனியாகவே பெயர் வைப்பது நல்லது.